ஆஸ்டினில் ஒரு கொண்டை ஊசி

அத்தியாயம் 4

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பிணம் வந்தது. சாக்குப் பையில் கட்டி, நாமக்கல்லில் இருந்து சேலம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார் செங்கோடன். பையை அவிழ்த்து என் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கருகிய வாடை அறை முழுக்க அடித்தது.

“ஆல்டர்னேட்டருங்க,” என்றார். “சனிக்கிழமை வரைக்கும் உசுரோட இருந்துச்சுங்க.”

கைலாசம் சார் இட்லிப் பொட்டலத்தில் இருந்து தலையைத் தூக்கினார். அவர் பன்னிரண்டு வருடம் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, ஐந்து ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நான் ராஜம்மாள். டைப் அடிப்பதும், சார் தப்பாக யோசிக்கும்போது இருமுவதும் என் வேலை. அந்த வருடம், அதாவது எண்பத்தாறில், எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

“யார் கொன்னது?” என்றார் சார்.

“அதைக் கேக்கத்தானுங்க வந்தேன். நான்தான்னு சொல்றாங்க.”

செங்கோடன் நாமக்கல்லில் சேந்தமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் லாரி எலக்ட்ரீஷியன். ஆறு லாரிக்குச் சொந்தக்காரரான மயில்சாமியின் வீட்டில் நாற்பத்தொன்பதாம் வருடத்து ஆஸ்டின் கார் ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். புதன்கிழமை சாயங்காலம் அந்தக் காரில்தான் மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் கார் பெண்ணோடு சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும்.

“அழைப்புன்னா வண்டி நடக்கற வேகத்துலதானுங்க போவும்,” என்றார் செங்கோடன். “பழைய டைனமோ அந்த வேகத்துக்கு சார்ஜ் பண்ணாது. கலர் பல்பெல்லாம் மங்கிப்போவும். போன வருஷம் ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை மொகமே தெரியலீங்க.”

“சில கல்யாணத்துக்கு அதுவே நல்லது,” என்றேன்.

“அதான் டைனமோவைக் கழட்டிப்போட்டு, மெதுவாப் போனாலும் சார்ஜ் பண்ணற ஆல்டர்னேட்டர் மாட்டச் சொன்னாருங்க. பிராக்கெட் அடிச்சு, பெல்ட்டு நேர் பார்த்து, ஒயரிங் பூரா புதுசா இழுத்தேன். சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். மீட்டர் முள்ளு ஜம்முனு சார்ஜ் பக்கம் போச்சு. பேட்டரியக் கழட்டி அலமாரியில வெச்சுட்டு, பட்டறையில வண்டி நின்ன செட்டைப் பூட்டிட்டு, ஞாயித்துக்கிழமை மேச்சேரிக்குக் கெடா விருந்துக்குப் போயிட்டேனுங்க. திங்கக்கிழமை தொறந்தா வண்டி இருபத்தேழு மைல் ஓடியிருக்குது. இது கருகிக் கெடக்குது.”

“மேச்சேரியில் சாட்சி உண்டா?”

“என்ற கூட எலையில உக்காந்தவங்க நாப்பது பேருங்க.”

“எல்லாரும் சொந்தக்காரங்களா?”

“சொந்தம் இல்லாதவனுக்கு எதுக்குங்க கெடா வெட்டறோம்?”

சார் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் ‘சாட்சி நாற்பது, பயன் இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

“செட்டுக்கு எத்தனை சாவி?”

“ரெண்டுங்க. ஒண்ணு என்ற இடுப்புல. இன்னொண்ணு மொதலாளி ஊட்டுல, வண்டி நிக்கற வரைக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சுக்கிட்டாரு. கார் சாவி வண்டியிலயே இருந்துச்சு.” செங்கோடனின் குரல் இறங்கியது. “நான் ஊர் சுத்த எடுத்தேன்னு பட்டறைக்குப் பட்டறை சொல்லிட்டாருங்க. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறாராம். அதுக்குள்ளயே ரெண்டு லாரிய என்ற பட்டறையில இருந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க. சாவிய நம்பிக் குடுக்கற தொழிலுங்க இது. கையாலாகாதவன்னு சொன்னாக்கூட பொழைச்சுக்குவேன். சாவிக்கு ஆகாதவன்னு சொல்லிட்டா நான் எங்கீங்க போவேன்?”

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு இருந்த கிண்டல் எல்லாம் வடிந்துவிட்டது. சார் மீதி இட்லியை மடித்து வைத்தார். அவர் இட்லியை மடித்து வைத்தால் கேஸை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

“அந்த வண்டி பழைய இங்கிலீஷ் வண்டி ஆச்சே. பேட்டரியில பிளஸ்தானே பாடிக்குப் போகும்?”

செங்கோடன் முகம் மலர்ந்தது. “ஆமாங்க! நம்ம லாரிக்கெல்லாம் மைனஸ்ஸுதான் பாடியில சேரும். அதுக்கு நேர் எதிர். ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்ஸுதான் ஆவும்னு எல்லாத்தையும் மாத்திப்போட்டேன். பேட்டரி முனையக் கவ்வற கிளாம்ப்பு, மீட்டர் ஒயரு, காயில் ஒயரு எல்லாமே. மொதலாளிகிட்டயும் சொன்னேன். ‘இனிமே மைனஸ்ஸுதான் பாடிக்கு, ஊட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வெய்யுங்க’ன்னு. ‘என்ற ஊட்டுல எவன்டா பேட்டரி மாட்டப்போறான்’னு சிரிச்சுட்டாருங்க.”

* * *

நாமக்கல் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. சாரின் ஸ்கூட்டரில் மூன்று பேர் வந்த கதையைத் தனி நாவலாகத்தான் எழுத வேண்டும்.

மயில்சாமியின் வீடு பட்டறையில் இருந்து நடக்கும் தூரம்தான். வாசலில் பந்தல் பாதி எழும்பியிருந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம் கறுப்பு ஆஸ்டின் நின்றது. பட்டறையை நம்பாமல், முதல் நாளே லாரியில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அதற்குக் காவலாக மட்கார்டில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன் டிரைவர் சென்றாயன். ஆறு வருடமாக மயில்சாமியிடம் லாரி ஓட்டுகிறான். கல்யாணம் காட்சி என்றால் இந்தக் காரையும் ஓட்டுவான்.

மயில்சாமி வெள்ளை வேட்டியும் விறைப்புமாக வந்தார். செங்கோடனைக் கண்டதும் மீசை துடித்தது.

“துப்பறியறவங்களக் கூட்டிட்டு வந்திருக்கறயா? நல்லாப் பாருங்க சாமி. அஞ்சு மணி வரைக்கும் பாருங்க. அப்பறம் இன்ஸ்பெக்டர் பார்ப்பாரு.”

“ஞாயிற்றுக்கிழமை நீங்க எங்கே இருந்தீங்க?” என்றார் சார்.

“ஆத்தூர்ல. பத்திரிகை வெக்கப் போயிட்டேன். பொண்ணும் என்ற கூடத்தான் வந்துச்சு.”

“சென்றாயன்?”

“எனக்கு அன்னிக்கு லீவுங்க,” என்றான் சென்றாயன். “படுத்துத் தூங்குனேனுங்க.”

“தனியாவா?” என்று நான் கேட்டேன். சிகரெட்டை அவசரமாகக் கீழே போட்டான். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

சார் பானெட்டைத் தூக்கினார். ஆல்டர்னேட்டர் இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. தடித்த ஒயர் ஒன்றின் மேல்தோல் உருகிக் கொப்பளித்திருந்தது. பேட்டரி தட்டு காலி. பேட்டரி பக்கத்தில் தரையில் இருந்தது. சார் இரண்டு கிளாம்ப்புகளையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேட்டரி தட்டுக்குள் விரலை விட்டு, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

அது ஒரு கொண்டை ஊசி. நடுவில் நசுங்கி, ஒரு பக்கம் ஈயம் தேய்ந்த தடத்தோடு இருந்தது.

“அம்மிணி, உன்னோடதா?”

“நான் பின்னல் போடுறவ சார். ஆறு வருஷமா எதிரே உட்கார்ந்திருக்கேன்.”

என்னைப் பந்தக்கால் ஓரமாகக் கூட்டிப்போனார். அவருக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது. விஷயம் பிடிபட்டால் அப்படித்தான் சிவக்கும்.

“பேட்டரியில பிளஸ் முனை தடிமன், மைனஸ் முனை மெலிசு. கிளாம்ப்பும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். பாடிக்குப் போற ஒயர்ல செங்கோடன் மெலிசான கிளாம்ப் போட்டிருக்கான். சரிதான். ஆனா அந்த மெலிசு கிளாம்ப்பை யாரோ ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பி அகலமாக்கியிருக்காங்க. இன்னொரு ஒயரோட தடிமன் கிளாம்ப் மெலிசு முனையில லொடலொடன்னு ஆடுமில்லையா? இடுக்குல இந்த ஊசியச் செருகி இறுக்கியிருக்காங்க.”

“அதாவது, மாத்தி மாட்டியிருக்காங்க. அதனால ஆல்டர்னேட்டர் கருகிடுச்சு. எவனோ ஒரு முட்டாள்.”

“அங்கதான் தப்பு பண்ற. முட்டாளா இருந்தா தடிமனைத் தடிமன்லயும் மெலிசை மெலிசுலயும் மாட்டிட்டுப் போயிருப்பான். கிளாம்ப்பே வழி காட்டும். இத்தனை பாடுபட்டுத் தப்பா மாட்டணும்னா அவன் விவரமானவன். இந்த வண்டிக்குப் பிளஸ்தான் பாடிக்குன்னு நல்லாத் தெரிஞ்சவன். செங்கோடன் போன வாரம் மாத்தினது மட்டும் தெரியாதவன்!”

இருமலாம் என்று வாயைத் திறந்தேன். இருமுவதற்கு ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சரியாக யோசித்திருந்தார்.

“அப்போ செங்கோடன் இல்லை,” என்றேன். “மாத்தினவரே மறக்க மாட்டார். மிச்சம் இருப்பது சென்றாயன். ஆறு வருஷமா இந்த வண்டிய ஓட்டுறான். முதலாளி வீட்டுல இருக்கிற செட்டுச் சாவியும் கைக்கு எட்டும். முதலாளி ஆத்தூர்ல. கொண்டையோட ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு இருபத்தேழு மைல் உல்லாசம் போயிருக்கான். தூங்கினானாம்!”

“அதேதான்,” என்றார் சார். “இப்போ அவன் கையாலயே ஒத்துக்க வைக்கிறேன் பாரு.”

நாங்கள் இருவரும் எவ்வளவு பெரிய மடையர்கள் என்பது தெரிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

* * *

சார் கையைத் தட்டி எல்லாரையும் கார் பக்கம் கூப்பிட்டார். ஆல்டர்னேட்டர்தான் வண்டியில் இல்லையே, பேட்டரியை எப்படி மாட்டினாலும் இனிக் கருக ஒன்றும் கிடையாது. ஹாரன் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னார்.

“சென்றாயா, பேட்டரிய எடுத்து மாட்டுப்பா. செங்கோடன் தள்ளி நில்லுங்க. யாரும் வாய் திறக்கக் கூடாது.”

சென்றாயன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பேட்டரியைத் தூக்கித் தட்டில் வைத்தான். அவன் கை பாடி ஒயரை எடுத்தது. பிளஸ் பக்கம் போகும் என்று பார்த்தால், நேரே மைனஸ் முனையில் போய் உட்கார்ந்தது. கொஞ்சமும் யோசிக்கவில்லை. லாரிக்கு மாட்டுகிற மாதிரியே மாட்டிவிட்டு நிமிர்ந்தான்.

சாரின் மூக்கு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

“ஏம்ப்பா, இந்த வண்டிக்கு நீ பேட்டரி மாட்டினதே இல்லையா?”

“இல்லீங்க. நான் வாரப்பவே பேட்டரி தொடைச்சு மாட்டி, தண்ணி ஊத்தி வண்டி ரெடியா நிக்குமுங்க. ஏறி உக்காந்து ஓட்டறதுதான் என்ற வேலை.”

“அப்போ ரெடி பண்றது யாரு?”

சென்றாயன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சென்றாயனைப் பார்த்தார். “நீதானடா பண்ற?” என்றார் மயில்சாமி. “நான் இல்லீங்களே,” என்றான் சென்றாயன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து மோர்த் தட்டோடு வந்தார் மயில்சாமியின் மனைவி முத்தாயம்மாள். ஐம்பது வயது இருக்கும். கல்யாண வீட்டு அலைச்சலில் முகம் வாடியிருந்தது. எனக்கு ஒரு டம்ளரைக் கொடுத்தார், சாருக்கு ஒன்றைக் கொடுத்தார், அப்படியே பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் புருவம் சுருங்கியது.

“ஏன்டா சென்றாயா, கண்ணு எங்கடா இருக்குது? உன்ற லாரின்னு நெனச்சயா?”

தட்டை மட்கார்டின் மேல் வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். இரண்டு கிளாம்ப்பையும் சட்சட்டென்று கழற்றி, பாடி ஒயரைப் பிளஸ் முனையில் வைத்து அழுத்தினார். மற்றதை மைனஸ் முனையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது.

“கிளாம்ப்பும் மாத்திப் போட்டிருக்குது,” என்று முணுமுணுத்தார். அவர் வலது கை தானாகப் பின்னால் போனது. கொண்டையில் இருந்து ஒரு ஊசியை உருவியது. இடுக்கில் செருகியது. “இந்த வண்டிக்குப் பிளஸ்ஸுதான் பாடிக்கு. இது கூடத் தெரியாம டிரைவராம்!”

பந்தல் போடுகிறவர்கள் சுத்தியலோடு எட்டிப் பார்த்தார்கள்.

நான் என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தேன். கொண்டை ஊசி கிடைத்ததும் எந்த ஆண் எந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனான் என்றுதான் யோசித்தேனே தவிர, ஓட்டியதே அந்தப் பெண்ணாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாருக்குத் தோன்றாதது பெரிய விஷயம் இல்லை. எனக்குமா?

சார் மோரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை எதுவரைக்கும் போனீங்கம்மா?”

முத்தாயம்மாளின் கை கிளாம்ப்பிலேயே நின்றது. அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. கணவரைப் பார்த்தார். செங்கோடனைப் பார்த்தார். பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை.

“காரவள்ளியில மலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தேனுங்க.”

“யாரு? நீயா?” மயில்சாமிக்குக் குரல் கீச்சென்று வந்தது. “உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?”

“இது எங்கய்யன் வண்டி. தம்மம்பட்டியில பதினாலு வயசுல இதுலதான் பழகுனேன். வாராவாரம் பேட்டரியத் தொடைச்சு மாட்டறது அப்பவும் இப்பவும் என்ற வேலை. என்னையும் வண்டியவும் ஒண்ணாத்தான் உங்க ஊட்டுக்கு அனுப்புனாங்க. வண்டிக்கு டிரைவர் வெச்சீங்க. என்னை அடுப்படியில வெச்சீங்க. நாளான்னிக்கு இது சம்பந்தி ஊட்டுக்குப் போயிரும். ஒரே ஒருக்கா ஓட்டிப்போடலாம்னு மனசு கெடந்து அடிச்சுக்குச்சு. ஊட்டுல இருந்த செட்டுச் சாவிய எடுத்துட்டு நடந்துட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்னுட்டு ஊரே தூங்குச்சு.”

“பேட்டரி மாட்டும்போது ஒண்ணும் தெரியலையா?” என்றார் சார்.

“பெரிய பொறி பறந்துச்சுங்க. லேசாப் பொகையும் வந்துச்சு. புது ஒயரு, அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஆனா முள்ளு போறப்பவும் வாரப்பவும் சார்ஜ் பக்கமே நின்னுச்சுங்களே!”

அங்கே வந்ததில் இருந்து செங்கோடன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “அம்மா, மீட்டர் ஒயரையும் நான் மாத்திப்போட்டேனுங்க. பேட்டரியத் திருப்பி மாட்டுனா முள்ளும் திருப்பித்தானுங்க காட்டும். நீங்க சார்ஜுன்னு பார்த்தது பூரா பேட்டரி எறங்குனதுங்க. இப்ப இது மைனஸ் வண்டி. மொதலாளிகிட்ட சொல்லி வெச்சேனே.”

முத்தாயம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். மயில்சாமி பந்தல் துணியின் தரத்தை ஆராய ஆரம்பித்தார்.

“அப்ப அது கருகுனது என்ற கையாலதானா?” அம்மா கிளாம்ப்பில் இருந்து கையை எடுத்தார். “உன்ற வேலை சரியில்லன்னு நெனச்சுத்தான் சாமி வாய மூடிட்டு இருந்தேன். கருக்குனது நீ, எடுத்தது நான், சரிக்குச் சரின்னு மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். ரெண்டுமே நான்தானா? உன்ற பேரைக் கெடுத்துட்டனே.”

“உள்ள போ,” என்றார் மயில்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு. “நாலு செவுத்துக்குள்ள பேசிக்கலாம். செங்கோடா, கம்ப்ளெய்ன்ட் கெடையாது. போ.”

செங்கோடன் நகரவில்லை. “ஸ்டேஷன்ல எழுதாம விட்டுட்டாப் போதுமுங்களா? பட்டறைக்குப் பட்டறை சொன்னீங்களே. அதை யாரு திருப்பிச் சொல்றது?”

“அதுக்கு? என்ற பொண்டாட்டி திருட்டுத்தனமா கார் ஓட்டுனான்னு லாரிக்காரங்ககிட்டப் போய்ச் சொல்லச் சொல்றயா? கல்யாணத்துக்கு நாளைக்குச் சம்பந்தி வாராங்கடா!”

எனக்கு வாயில் வார்த்தை வந்துவிட்டது. அதற்குள் முத்தாயம்மாள் முந்திக்கொண்டார்.

“அப்ப ஸ்டேஷனுக்கே போவலாம் வாங்க. என்ற பேரை எழுதிக் குடுங்க. இல்லாட்டி நானே போய் எழுதிக் குடுக்கறேன்.”

மணி நாலே முக்கால். மயில்சாமி மனைவியைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “புது ஆல்டர்னேட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாடா,” என்று சென்றாயனைப் பார்த்துக் கத்தினார்.

* * *

மறுநாள் மதியம் செங்கோடன் புது ஆல்டர்னேட்டரை மாட்டி, உருகிய ஒயரை வெட்டி எறிந்து வேறு இழுத்தார். கடைசியில் பேட்டரியை மட்டும் மாட்டாமல் தள்ளி நின்றார். “நீங்களே மாட்டுங்கம்மா.” முத்தாயம்மாள் பாடி ஒயரை எடுத்தார். கை பழக்கத்தில் பிளஸ் பக்கம் போனது. ஒரு நொடி நின்று, மைனஸ் முனைக்குத் திரும்பியது. பொறி பறக்கவில்லை.

சேந்தமங்கலம் ரோட்டில் வரிசையாகப் பதினோரு லாரிப் பட்டறைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஆஸ்டின் நின்றது. ஓட்டியது முத்தாயம்மாள். பக்கத்தில் செங்கோடன். பின் சீட்டில் மயில்சாமி, அவருக்குப் பக்கத்தில் சாட்சிக்கு நான். சார் ஸ்கூட்டரில் எங்கள் புழுதியைத் தின்றுகொண்டு வந்தார்.

முதல் பட்டறையில் மயில்சாமியின் குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமாங்க,” என்றார் முன்னாலிருந்து முத்தாயம்மாள். “ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்தது இவ. செங்கோடன் இல்ல. நான் சொன்னது தப்பு,” என்றார் மயில்சாமி. நாலாவது பட்டறையில் சிரிப்பார்கள் என்று பயந்தோம். அங்கிருந்த கிழ மெக்கானிக் ஒருவர் எழுந்து வந்து, “அம்மிணியா ஓட்டுது?” என்று வாய் பிளந்து நின்றார். அதற்குப் பிறகு மயில்சாமிக்குச் சுருதி கூடிவிட்டது. ஒன்பதாவது பட்டறையில் “தம்மம்பட்டியில பதினாலு வயசுலயே பழகுனவ, தெரியுமில்ல?” என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். நாங்கள் திரும்பி வரும்போது, இழுத்துப்போன லாரிகளில் ஒன்று செங்கோடனின் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. செங்கோடன் அதைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு எங்களையும் இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு என்றால் சார் எங்கே நகருவார்? நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆஸ்டின் நடக்கும் வேகத்தில் வந்தது. சென்றாயன் வெள்ளை யூனிபாரத்தோடு காருக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தான். கலர் பல்பு ஒன்றுகூட மங்கவில்லை. மாப்பிள்ளையின் முகம் நன்றாகத் தெரிந்தது.

பயந்துபோயிருந்தார். மாமியார் ஓட்டிக்கொண்டிருந்தார்.